சத்தம் கூட்டினால் வாகனத்து ஸ்பீக்கர் கரகரப்பது ஏன்?

சரி, அடுத்த கேள்வி. கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, வானுக்குப் புதிதாக அம்பிளிபையர் போட்டேன். மெதுவாக வைத்தால் நல்லாயிருக்கு, சத்தத்தைக் கூட்டினால் கரகரக்குது. ஸ்பீக்கரை மாற்ற வேணுமோ?"

தம்பி, இப்போதைக்கு ஸ்பீக்கருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அம்பிளிபையரில் கெயின் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், அது எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அதைச் சத்தம் கூட்டுகிற திருகு என்று கனபேர் நினைக்கிறார்கள். அதன் வேலை வேறு. பாட்டுப் போடுகிற செற்றிலிருந்து வருகிற சிக்னல் எத்தனை வோல்ட்டோ, அதற்கு ஏற்ற மாதிரி அம்பிளிபையரைப் பொருத்துவதுதான். சில செற் 2 வோல்ட் தரும், சில 4 வோல்ட் தரும். 4 வோல்ட் வருகிற இடத்தில் கெயினை முழுக்கத் திறந்துவிட்டால், செற்றில் பாதிச் சத்தம் வைக்க முன்னமே அம்பிளிபையர் தன் எல்லைக்கு வந்துவிடும். அதற்கு மேல் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். உங்களுக்குக் கேட்கிற கரகரப்பு பெரும்பாலும் அதுதான். அப்படியே நெடுக ஓடவிட்டால் முதலில் ட்வீட்டர், அதாவது கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்தான் எரியும், கவனம்.

செற்றில் பாஸ், ட்ரெபிள் இரண்டையும் பூச்சியத்தில் வையுங்கள். லவுட்னஸ், பாஸ் பூஸ்ட் இரண்டையும் நிற்பாட்டுங்கள். பாஸை 6 டெசிபெல் கூட்டினாலே அந்த இடத்தில் அம்பிளிபையர் நான்கு மடங்கு வலு கொடுக்க வேண்டும், அது எங்கே தாங்கும்? பிறகு கெயினை முழுக்கக் குறைத்து, செற்றின் சத்தத்தை முக்கால்வாசிக்குக் கூட்டி, கெயினை மெல்ல மெல்லத் திருகுங்கள். கரகரப்புத் தொடங்கின இடத்திலிருந்து கொஞ்சம் பின்னுக்கு எடுத்து விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு செற்றையும் அந்த முக்கால்வாசிக்கு மேலே கூட்டக் கூடாது.

எந்தப் பாட்டைப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். நாதஸ்வரம், தவில் வேண்டாம். நாதஸ்வரத்தின் குரலே உறைப்பானது, அதற்குள் கரகரப்பு ஒளிந்துவிடும். தனிக்குரல், புல்லாங்குழல், வீணை என்றால் சின்னப் பிசகும் உடனே கேட்கும். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டைப் போட்டால் பிழை பாட்டிலா அம்பிளிபையரிலா என்றே தெரியாது.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு 1000 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, அம்பிளிபையர் வெளியே தருகிற ஏசி வோல்ட்டை அளவுங்கள். அம்பிளிபையரின் வாட்டையும் ஸ்பீக்கரின் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய அளவு கிடைக்கும்: 50 வாட், 4 ஓம் என்றால் ஏறத்தாழ 14 வோல்ட். மீட்டரில் அந்த அளவு வரும்வரை மட்டும் கெயினைத் திருகுங்கள். பெட்டியில் பெரிதாக அடித்திருக்கிற 1000 வாட்டை நம்பாதீர்கள், ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கிற, தொடர்ந்து தரக்கூடிய வாட்டை எடுங்கள்.

அப்புறம், கதவு ஸ்பீக்கருக்கு, தாழ்ந்த ஒலியைத் தடுக்கிற ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். ஸ்பீக்கரின் முன்னால் அதிருகிற சின்னக் கோனால் அதற்குக் கீழே உள்ள பாஸைத் தாங்க ஏலாது. இவ்வளவும் செய்த பிறகு மெதுவான சத்தத்திலேயே கரகரத்தால், கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்து நேராக, மெல்ல அமத்திப் பாருங்கள். உள்ளே உரசினால் சுருள் பழுது, அப்போது ஸ்பீக்கரை மாற்றலாம்.