தெருக்களுக்கு அடியில் ஓடைகள்: மன்ஹாட்டனின் பழைய வரைபடங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில் அடித்தளம் தோண்ட முற்படும் பொறியாளர்கள், 1865-ஆம் ஆண்டில் வெளியான வரைபடம் ஒன்றை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். எக்பர்ட் வீலே என்ற பொறியாளர் உருவாக்கிய அப்படத்தில், தெருக்களின் கட்டங்களோடு, அத்தீவின் பழைய ஓடைகளும் சதுப்புகளும் புல்வெளிகளும் மண் கொட்டி மேடாக்கிய இடங்களும் தனித்தனி வண்ணங்களில் காட்டப்பட்டுள்ளன. ஓடையைத் தூர்த்துத் தெரு போட்ட பிறகும் நிலத்தடி நீர் பல இடங்களில் பழைய தடத்தையே பற்றிச் செல்வதால், தோண்டிய குழியில் நீர் ஊறி நிற்கும்போது அதற்கான விளக்கம் அந்தப் படத்தில் கிடைக்கிறது.

வீலேயின் நோக்கம் கட்டடம் அன்று, பொதுச் சுகாதாரம். வடிய வழியின்றி மண்ணில் தேங்கும் ஈரமே காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதோ 1890-களின் இறுதியில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. அவர் சொன்ன காரணம் பிழை, அவர் குறித்த நீர்த்தடம் மெய். பழைய வரைபடத்தைப் படிப்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதே என் அழுத்தமான கருத்து.

அத்தீவின் தென்பகுதியில் கலெக்ட் பாண்ட் என்ற நன்னீர்க் குளம் இருந்தது. ஏறத்தாழ 48 ஏக்கர் பரப்பும் சில இடங்களில் 60 அடி ஆழமும் கொண்ட, ஊற்றுநீர் நிறைந்த அக்குளத்தைத் தோல் பதனிடும் பட்டறைகளும் இறைச்சிக்கூடங்களும் தம் கழிவால் கெடுத்தன. பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அருகிலிருந்த குன்றையே வெட்டி அந்த மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடினார்கள். குடிநீர் தந்த குளத்துக்கு நேர்ந்த இக்கதி எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. கொட்டிய மண் இறுகவில்லை. அதன்மேல் எழுந்த வீடுகள் சரிந்தன. 1838-இல் திறக்கப்பட்ட, டூம்ஸ் என்று மக்கள் அழைத்த சிறைச்சாலையும் விரைவிலேயே அமிழத் தொடங்கிச் சுவர்களில் விரிசல் கண்டது.

வீலேயின் படத்துக்கும் முந்தையது, அமெரிக்க விடுதலைப் போரின்போது நகரைத் தம் பிடியில் வைத்திருந்த பிரிட்டிஷ் படையினர் 1782 வாக்கில் வரைந்த படம். படை நகர வேண்டுமானால் மேடு எது, கால் புதையும் சேறு எது என்று தெரிந்தாக வேண்டும்; அதனால் குன்றும் சதுப்பும் ஓடையும் அதில் மிக நுணுக்கமாகப் பதிவாகியுள்ளன. சூழலியலாளர் எரிக் சாண்டர்சன் 1999 முதல் அப்படத்தை, இன்றும் இடம் மாறாத அடையாளங்களைக் கொண்டு, கணினியில் தற்கால நகரத்தின்மேல் பொருத்தி, பழைய நிலத்தோற்றத்தை மீட்டுருவாக்கினார்.

ஆயினும் படத்தில் ஓடை வரையப்படாத இடமெல்லாம் வறண்ட நிலம் என்று கொள்வது தவறு, ஏனெனில் படைக்குத் தேவைப்படாத சிற்றோடை விடுபட்டிருக்கலாம். ஆகவே மண் துளையிட்டு எடுத்த மாதிரிகளோடும் பிற படங்களோடும் ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும். அவ்வகையில் நில அளவையாளர் ஜான் ராண்டல் 1818-க்கும் 1820-க்கும் இடையில் வரைந்த 92 தாள்களை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்: 1811-ஆம் ஆண்டுத் திட்டம் வகுத்த நேர்கோட்டுத் தெருக்களை, அன்றைய பண்ணைகள், வேலிகள், ஓடைகள் ஆகியவற்றின்மீதே அவர் வரைந்து வைத்ததால், ஓடையையும் அதை மூடப்போகும் தெருவையும் ஒரே தாளில் காண முடிகிறது.