கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆலயப் பாடகர் குழுவோடு 30 வருடமாக மல்லுக்கட்டுகிறவன் நான். எங்கோ ஒரு நாட்டில் ஜனங்கள் பெரும் துயரத்தில் இருக்கும் வாரத்தில் ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுகளை எப்படித் தயார் செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டுப் பட்டியல் தருவேன் என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் பேனாவை மூடி வைத்துவிடலாம்.

2023 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. அதிகாலை 4.17-க்குத் துருக்கியிலும் சிரியாவிலும் பூமி குலுங்கியது. 7.8 அளவு. 50,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் ஒத்திகை வெள்ளிக்கிழமை சாயங்காலம். பட்டியலை முந்தின வாரமே போட்டு வைத்திருந்தேன். முதல் பாட்டு நல்ல துள்ளலான பாட்டு. பூமி நிலைமாறினாலும் மலை பெயர்ந்தாலும் எங்களுக்குப் பயமில்லை என்கிற கருத்து. பைபிளில் 46-ஆம் சங்கீதத்திலிருந்து வருவது. நாலு வரி பாடியிருப்போம், டிரம்ஸ் நின்றுவிட்டது. வாசிக்கிற பையன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த வாரம் இதைக் கைதட்டிக்கிட்டா பாடப்போறோம்?" என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வேத வார்த்தைதானே தம்பி என்றேன். "வார்த்தை சரிதான் அண்ணே. இடிபாட்டுக்கு அடியில இருக்கிறவங்க பாடினா அது விசுவாசம். நாம பாடினா..." என்றவன் முடிக்கவில்லை. எங்களில் யாருக்கும் முடிக்கத் தெரியவில்லை.

அப்போது குழுவில் மூத்த அக்கா ஒருவர் நீதிமொழிகள் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டி 20-ஆம் வசனத்தை வாசித்தார். மனம் நொந்தவனிடம் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் உடுப்பைக் கழற்றுகிறவனைப் போன்றவன் என்கிறது அது. எத்தனை தடவை படித்திருப்பேன்! அந்த வாரம்தான், படுக்கையிலிருந்து எழுந்தோடிய உடுப்போடு கடுங்குளிரில் தெருவில் நின்றவர்களைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சரி, இப்போது என் பழைய புலம்பலுக்கு வருகிறேன். கீபோர்டு! ஒரு பாட்டு முடிந்ததும் விரல் நிற்காது. ஜெபத்துக்கு அடியில் வாசிப்பார்கள், வேத வாசிப்புக்கு அடியில் வாசிப்பார்கள், போதகர் தொண்டையைச் செருமினால் அதற்கும் ஒரு சுருதி. கேட்டால், இடைவெளி விட்டால் நன்றாக இருக்காதாம். அந்த வாரம் மீட்புப் பணியில் என்ன செய்தார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையை உயர்த்துவார். இயந்திரங்களை நிறுத்துவார்கள், வண்டிகளை நிறுத்துவார்கள், கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு முனகலாவது கேட்கிறதா என்று காதைக் கொடுப்பார்கள். அங்கே ஜெனரேட்டரையே நிறுத்துகிறார்கள், நம்மால் கீபோர்டை நிறுத்த முடியாதா?

நாங்கள் நிறுத்திப் பார்த்தோம். ஐந்து பாட்டு மூன்றாயிற்று. ஒன்றை வாத்தியமே இல்லாமல் வெறுங்குரலில் பாடினோம். மன்றாட்டு ஜெபத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் அமைதி. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இருபதாவது வினாடியில் ஒருவர் இருமினார். ஒரு பெரியவர் மைக் போய்விட்டதோ என்று ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். "முடிஞ்சுருச்சாம்மா?" என்றது ஒரு குழந்தை. அப்புறம் நிஜமாகவே அடங்கியது. பின்வரிசையில் யாரோ விசும்புவது கேட்டது. வழக்கம்போல் வாசித்திருந்தால் அது எங்கள் காதில் விழுந்தே இருக்காது. (இங்கே அதைச் செய்து காட்ட வழியில்லை. பத்து வினாடி நான் சும்மா இருந்தால் உங்கள் கை வேறு நிலையத்துக்குத் திருப்பப் போய்விடும்.)

இன்னொன்று. பாட்டின் வரிகளை ஒருதரம் ராகம் இல்லாமல், செய்தி வாசிப்பதுபோல் சத்தமாகப் படித்துப் பாருங்கள். ராகம் நிறைய விஷயத்தை மூடிவிடும். வெள்ளம், அலை, அக்கினி என்று உவமையாகப் பாடும் வார்த்தைகள் சில வாரங்களில் உவமையாக இருக்காது. அந்த நாட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிற ஒருவர் உங்கள் சபையிலேயே உட்கார்ந்திருக்கலாம். "அந்த ஆபத்து நமக்கு வராமல் காத்தீரே" என்று நன்றி சொல்லி ஆரம்பிக்கிறோமே, தயவுசெய்து அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

தூர தேசம்தானே என்பவர்களுக்கு ஒன்று. கிறிஸ்தவர்கள் என்ற பெயரே முதலில் வழங்கியது அந்தியோகியாவில். பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்கிற தீர்க்கதரிசி சொன்னதும் யூதேயாவிலுள்ள சகோதரருக்குத் தங்களால் இயன்றதைத் திரட்டி அனுப்பியதும் அந்தச் சபைதான். அப்போஸ்தலர் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஊர்தான் துருக்கியிலுள்ள இன்றைய அந்தாக்யா. 2023-இல் அதன் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. அங்கிருந்த ஆர்த்தடாக்ஸ் ஆலயமும் தப்பவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இல்லை, ஒரு விரலாம். மூன்றாவது வாரம், நாலாவது வாரம் என்ன பாடுவது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன், கீபோர்டு தின்றுவிட்டது. சுருக்கமாக: 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், அது இருளிலேயே முடிகிறது, அப்படி ஒரு பாட்டை முடிக்க நமக்கும் அனுமதி உண்டு. செய்தியில் பேச்சு நின்ற பிறகும் ஜெபத்தில் அந்த ஊரின் பெயரைச் சொல்லுங்கள். பெயரை ஒத்திகையிலேயே சரியாக உச்சரித்துப் பழகிவிடுங்கள். டிரம்ஸ் தம்பியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.