பெயர், பிறந்த தேதி, கைபேசி எண்

நேயர்களுக்கு வணக்கம். சூப்பர் மார்க்கெட்டில் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கினால்கூட, பில் போடுகிற பெண் "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்கிறார். நாமும் பின்னால் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி 10 இலக்கத்தையும் ஒப்பிக்கிறோம். எதற்கு என்று கேட்பதில்லை. கேட்டால் வரிசை நகராது, பின்னால் இருப்பவர் முறைப்பார்.

இணையக் குழுக்களிலும் இதே கதைதான். மாடித்தோட்டக்காரர்களின் இணையக் குழு ஒன்றை நான் சில நண்பர்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அதில் சேர ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் போதும். அம்மா அப்பா வைத்த பெயராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. 'செம்பருத்தி' என்று ஒருவர் இருக்கிறார். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. ஆனால் மாவுப்பூச்சிக்கு அவர் சொன்ன கணக்கு எனக்கு மனப்பாடம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். இதைச் சொல்ல அவருடைய பிறந்த தேதி எதற்கு?

இருந்தாலும் குழுவில் சண்டை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "எல்லார்கிட்டயும் ஆதார் வாங்குங்க சார், அப்பதான் வாய் அடங்கும்." கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இதை ஒரு நாடே செய்து பார்த்துவிட்டது.

தென் கொரியாவைச் சொல்கிறேன். அங்கே ஒவ்வொருவருக்கும் 13 இலக்கத்தில் ஒரு குடிமக்கள் பதிவு எண் உண்டு. முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. ஏழாவதைப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். இணையத்தில் வசவு தாங்க முடியவில்லை என்று 2007ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கூட்டம் அதிகம் வருகிற தளங்களில் யார் என்ன எழுதினாலும், முதலில் தான் இன்னார் என்று நிரூபிக்க வேண்டும். சரி, வசவு நின்றதா? பெரிதாக ஒன்றும் குறையவில்லை. சொந்தப் பெயரிலேயே திட்டினார்கள். நம் ஊர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சித்தப்பா யார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அவர் சும்மா இருக்கிறாரா என்ன?

இதில் நான் ரசித்த இடம் ஒன்று உண்டு. 2009ல் யூடியூபும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டிய நிலை வந்தது. யூடியூப் அடையாளம் கேட்க மறுத்தது. அதற்குப் பதில், நாடு என்ற இடத்தில் கொரியா என்று வைத்திருப்பவர்கள் படம் ஏற்றவோ கருத்து எழுதவோ முடியாதபடி அடைத்துவிட்டது. மக்கள் என்ன செய்தார்கள்? யூடியூப் செட்டிங்ஸுக்குள் போய் நாட்டின் பெயரை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதிபர் மாளிகையின் காணொளிகளும் அதே வழியில்தான் ஏறின!

சிரிப்பு அதோடு முடிந்தது. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் என்ற இரண்டு தளங்களிலிருந்து 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருட்டுப் போயின. நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 5 கோடி. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எங்கே போய் மாற்றுவது? அந்தப் பதிவு எண்ணை மாற்றவும் அப்போது வழி கிடையாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது.

ஒன்றைக் கவனியுங்கள், வாங்கி வைத்ததால்தான் திருட்டுப் போனது. செம்பருத்தியின் ஆதார் எங்களிடம் இல்லை. எங்கள் தளத்தை நாளைக்கு யார் உடைத்தாலும் வேப்பெண்ணெய்க் கணக்குதான் கிடைக்கும்.

அதற்காக எதையுமே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரத்ததானக் குழு என்றால் ரத்த வகை, ஊர், கைபேசி எண் மூன்றும் வேண்டும், இல்லாவிட்டால் வேலை நடக்காது. ஆனால் அந்த எண் யார் கண்ணில் படுகிறது என்பது வேறு கேள்வி. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரிகிறது. சேர்ந்த மறுநாளே முன்பின் தெரியாதவரிடமிருந்து 'குட் மார்னிங்' ரோஜாப்பூ வந்து இறங்குகிறது என்று பெண்கள் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் வசவுக்கு என்னதான் வழி? கவனிக்க ஆள் வேண்டும். புதிதாக வருகிறவரின் முதல் சில பதிவுகளை நாங்கள் படித்துப் பார்த்த பிறகே வெளியிடுகிறோம். அலுப்பான வேலைதான், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து செய்கிறோம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். குழந்தைகளைப் பற்றி நிறையக் குறித்துக்கொண்டு வந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2023ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது ஆகாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் யார் குழந்தை, யார் பெரியவர் என்று கண்டுபிடிக்க, பெரியவர்களிடமும் வயதுச் சான்று கேட்க வேண்டி வருமே? அதற்குள் போக இப்போது நேரமில்லை. ஒன்று மட்டும்: எங்காவது ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதார் என்று ஒன்று இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். வணக்கம்.