மாவுக்கட்டைப் பிரித்த நாள்

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும்படி ஆக்கும் எலும்புப்புரை நோய்க்கு ஆகும் செலவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். செலவு என்றதும் மாத்திரை விலையும் ஸ்கேன் கட்டணமும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பணம் கரைவது வேறு இடத்தில்.

என் பெரியம்மாவுக்கு 66 வயதில் குளியலறை வாசலில் கால் இடறியது. கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது, "எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, போய்வாருங்கள்" என்றார்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று அங்கே எவரும் கேட்கவில்லை. உடன் போயிருந்த நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐந்தாண்டு கழித்து இடுப்பு எலும்பு முறிந்தது.

அறுவை அரங்கு, மயக்க மருந்து, எலும்பில் பொருத்திய உலோகத் தண்டு, படுக்கை, பிசியோதெரபி என்று நீண்ட மருத்துவமனை பில், வீடு திரும்பிய அன்று முடிந்தது. பில்லில் வராத செலவு அன்றுதான் தொடங்கியது. வாக்கர் வாங்கினோம், கழிப்பறையில் கைப்பிடி பொருத்தினோம், இரவுத் துணைக்கு ஆள் வைத்தோம். பெரியம்மாவின் மகள் முதலில் விடுப்பு எடுத்தார், பிறகு சம்பளமில்லா விடுப்பு, கடைசியில் வேலையையே விட்டார். அவர் இழந்த சம்பளம் எந்த மருத்துவக் கணக்கிலும் ஏறவில்லை.

ஏறிய கணக்கே திகைக்க வைக்கிறது. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி, இந்நோயால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முறிவுகள் நேர்ந்தன. அவற்றில் இடுப்பு முறிவுகள் 14 சதவீதம்தான். மொத்தச் செலவில் 72 சதவீதத்தை அவையே விழுங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் 2010இல் ஆன செலவு 3,700 கோடி யூரோ. அதில் முறிவைத் தடுக்கும் மருந்துக்குப் போனது வெறும் 5 சதவீதம். மற்றதெல்லாம் முறிந்த பிறகு செய்த செலவு. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்.

மருந்து இல்லாமலா இந்த நிலை? எலும்பு கரைவதைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரைக்கு 1995இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிவிட்டது. ஆனாலும் ஒருமுறை எலும்பு முறிந்தவர்களிலேயே பெரும்பாலோருக்குச் சிகிச்சை தொடங்கப்படுவதில்லை. இத்தனைக்கும் ஒரு முறிவு அடுத்த முறிவின் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1999 வாக்கில் ஒரு எளிய ஏற்பாடு செய்தார்கள். முறிவோடு வரும் 50 வயதைக் கடந்தவர்களைத் தேடிப் பிடித்து, எலும்பு அடர்த்தியைச் சோதித்து, தேவைப்பட்டால் மருந்தைத் தொடங்க வைப்பது தனிச் செவிலியர்களின் வேலை. பின்னர் போட்ட கணக்கில், ஆயிரம் நோயாளிகளுக்கு 18 முறிவுகள் தவிர்க்கப்பட்டன. அவற்றில் 11 இடுப்பு முறிவுகள். ஏற்பாட்டுக்கான செலவு போகப் பணமும் மிஞ்சியது.

முதுகெலும்பு முறிவுகளோ பெரும்பாலும் கண்ணில் படுவதேயில்லை. உயரம் குறைந்து கூன் விழுவதை வயதின் மேல் போட்டுவிடுகிறோம்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் எலும்பு அடர்த்திச் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மருந்தைத் தொடங்குமுன் அதற்குத் தொடர்ந்து ஆகும் செலவையும் விசாரியுங்கள். இதே நோய்க்கான டெனோசுமாப் ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. பணமுடையால் அதைத் திடீரென நிறுத்தினால், சேர்ந்த எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். பெரியம்மாவுக்கு அந்த ஊசிதான் போடுகிறோம். போட்டுத் திரும்பிய அன்றே அடுத்த தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுகிறார், அவரே, தன் கையால்.