12 சக், 12 எலக்ட்ரோடு, ராத்திரி ஆளில்லாம ஓட்டணும்: ஒர்க் ஆஃப்செட் எப்படி வைக்கிறது?

அடுத்த கேள்விக்கு வருவோம். கேள்வியைச் சுருக்கிச் சொல்லிடுறேன். "ஃபானக் சிஎன்சி கன்ட்ரோல். மெஷின் டேபிள்ல 12 நியூமாட்டிக் சக் (காத்தழுத்தத்துல ஓடுற பிடி) இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வேற வேற கிராஃபைட் எலக்ட்ரோடு (ஈடிஎம்ல, அதாவது தீப்பொறியால மெட்டலைக் குடையுற மெஷின்ல மாட்டுறது). ஒர்க் ஆஃப்செட் (ஜீரோ மெஷின்ல எங்க இருக்குன்னு சொல்ற மதிப்பு) ஜி54ல இருந்து ஜி59 வரைக்கும் ஆறுதானே, மிச்சம் ஆறுக்கு என்ன பண்றது? சப் ப்ரோக்ராமா கூப்பிட்டு ஓட்டினா எல்லாமே முதல் சக்குக்கே போகுது. நடுவுல ஒரு டூல் உடைஞ்சா ராத்திரி மொத்தமும் போச்சு. வழி சொல்லுங்க."

முதல் சக்குக்கே போறதை முதல்ல பார்த்துடலாம், ஏன்னா பாதிப் பேரு மாட்டுற இடம் அது. கேம் சாஃப்ட்வேர்ல இருந்து வர்ற ஒவ்வொரு ப்ரோக்ராமோட தலையிலயும் போஸ்ட் (கேம் போட்ட டூல் பாதையை மெஷின் கோடா மாத்துறது) ஒரு ஜி54 போட்டு வச்சிருக்கும். நீங்க மெயின்ல ஜி56 கொடுத்துட்டு சப்பைக் கூப்பிடுறீங்க, உள்ள போனதும் அந்த ஜி54 படிச்சு மறுபடியும் முதல் சக்கு. அதனால எலக்ட்ரோடுக்குன்னு தனியா ஒரு போஸ்ட் பண்ணிக்கோங்க. அதுல ஆஃப்செட் கோடு வரக்கூடாது, எம்30க்கு (ப்ரோக்ராம் முடிவு) பதிலா எம்99 (மெயினுக்குத் திரும்பு) வரணும், நிறுத்துற எம்0 எம்1 எதுவும் இருக்கக்கூடாது. ஒரே ஒரு எம்30 உள்ள தங்கிட்டாலும் முதல் பீஸ் முடிஞ்சதும் மெஷின் நின்னுடும், காலையில வந்து பார்த்தா 11 பீஸ் அப்படியே இருக்கும்.

இப்போ ஆறுக்கு மேல. ஜி54.1 இருக்கு. ஜி54.1 பி1ல இருந்து பி48 வரைக்கும் 48 ஆஃப்செட், ஆப்ஷன் வாங்கியிருந்தா 300 வரைக்கும். பழைய மெஷின்ல அது திறந்திருக்கான்னு ஆஃப்செட் பேஜை கீழே தள்ளிப் பார்த்தாலே தெரிஞ்சிடும். ஜி54லிருந்து ஜி59 வரைக்கும் ஆறையும் வேற வேலைக்கு விட்டுடுங்க. 12 சக்குக்கும் பி1ல இருந்து பி12. சக்குல நம்பர் பஞ்ச் பண்ணி வச்சிடுங்க, சக்கு நம்பரும் பி நம்பரும் ஒண்ணா இருக்கணும்.

இதுல முக்கியமான விஷயம், ஆஃப்செட்டு சக்குக்குத்தான், ஜாபுக்கு இல்ல. எரோவா, சிஸ்டம் 3ஆர் மாதிரி கம்பெனி ஹோல்டர் (எலக்ட்ரோடைத் தாங்கி சக்குல உட்காருறது) வச்சிருக்கிறதே, ஹோல்டரைக் கழட்டி மாட்டினாலும் சில மைக்ரானுக்குள்ள அதே இடத்துல உட்காரும்னுதானே. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு ஜாபுக்கும் ஜீரோ எடுக்கணும்? மாஸ்டர் பின்னை ஒவ்வொரு சக்குலயும் மாட்டி, டயல் போட்டு சென்டர் எடுங்க, ரூலர் பாரை மாட்டி எக்ஸ் வாக்குல ஓட்டி நேரா இருக்கான்னு பாருங்க, அதை ஆஃப்செட்டுல ஏத்துங்க. டிராயிங்ல சக்குக்கு சக்கு 120 பிட்ச்னு இருக்கேன்னு 120, 240னு கணக்குப் போட்டு அடிச்சிடாதீங்க. பேஸ் பிளேட்டுல 120ன்னு துளை போட்டிருந்தாலும் சக்கு மாட்டின பிறகு 119.98ஆ இருக்கலாம். அந்த 0.02 மி.மீ. ஸ்பார்க் ஓட்டும்போது நேரா கேவிட்டில தெரியும்.

இசட் ஜீரோ பீஸோட மேல் முகத்துல வேண்டாம், சக்கோட இசட் ரெஃபரன்ஸ் முகத்துலயே இருக்கட்டும். எலக்ட்ரோடு உயரம் 60னா ப்ரோக்ராம்ல டாப் இசட்60ன்னு வரும். ஈடிஎம் மெஷின்லயும் அதே சக்கு, அதே ரெஃபரன்ஸ், அதனால உயரத்தை அப்படியே எடுத்துட்டுப் போகலாம்.

ஏத்தின 12 ஆஃப்செட்டையும் ஒரு தனி ப்ரோக்ராம்ல எழுதி வச்சிடுங்க. ஜி90 ஜி10 எல்20 பி1 (ஆஃப்செட்டை ப்ரோக்ராம்ல இருந்தே எழுதுற கோடு) போட்டு எக்ஸ், ஒய், இசட் மதிப்பு, அடுத்த வரி பி2, இப்படி 12 வரி. மெயின் ஆரம்பிக்கும்போதே இதைக் கூப்பிடணும். பகல்ல யாராவது ஆஃப்செட் பேஜ்ல கை வச்சிருந்தாலும் ராத்திரி சரியான மதிப்பு வந்துடும். ஜி90 கட்டாயம். ஜி91 மோடு தங்கியிருந்தா ஜி10 மதிப்பை மாத்தி எழுதாது, ஏற்கெனவே இருக்கிறதோட கூட்டிடும். இன்னொண்ணு, சக்கைக் கழட்டி மாட்டினா புது மதிப்பை இந்த ப்ரோக்ராம்லதான் திருத்தணும். ஸ்கிரீன்ல மட்டும் திருத்தினா அடுத்த ஓட்டத்துல பழசு மேல ஏறி உட்கார்ந்துக்கும்.

அடுத்து மெயின். இதுக்கு கஸ்டம் மேக்ரோ பி (வேரியபிள், லூப் எழுத விடுற ஃபானக் வசதி) வேணும். வேரியபிளை #100 வரிசையில வைக்காதீங்க, பவர் போனா அழிஞ்சிடும், ப்ரோப் (தொட்டு அளக்கிற கருவி) மேக்ரோவும் அதைத்தான் எடுத்துக்கும். #500ல ஆரம்பிச்சு ப்ரோப் காலிபிரேஷன் இருக்கும், அங்கயும் கை வைக்காதீங்க. உங்க மெஷின்ல #600, #700 இருந்து, யாரும் எடுத்துக்கலைன்னா அங்க வைக்கலாம். #600 சக்கு கவுண்டர். #601ல இருந்து #612 வரைக்கும் அந்தந்த சக்கோட நிலைமை: 0னா காலி, 1னா பீஸ் மாட்டியாச்சு, 9னா இப்போ ஓடிட்டிருக்கு, 2னா முடிஞ்சது, 3னா சந்தேகம். #621ல இருந்து #632 வரைக்கும் அந்தந்த சக்குல ஓட வேண்டிய ப்ரோக்ராம் நம்பர். ஆபரேட்டர் சாயங்காலம் பீஸை மாட்டிட்டு இந்த ரெண்டு வரிசையை மட்டும் அடிச்சுட்டு ஸ்டார்ட் கொடுப்பார்.

மெயின்ல வைல் லூப், #600 ஒண்ணுல இருந்து 12 வரைக்கும். நிலைமை 1 இல்லைன்னா அடுத்த சக்கு. 1னா அதை 9 ஆக்கு. ஜி90 ஜி53 ஜி0 இசட்0 போட்டு ஸ்பிண்டிலை மெஷின் உச்சிக்குக் கொண்டு போ, அப்புறம் ஜி54.1 பி#600, அப்புறம்தான் எக்ஸ் ஒய் நகரணும். பீஸோட மேல் முகத்துக்கு மேல 5 மி.மீ.ங்கிற கேம் கிளியரன்ஸை நம்பி சக்கு விட்டு சக்கு போனீங்கன்னா, 40 உயரப் பீஸ்ல இருந்து கிளம்பின டூல் வழியில நிக்கிற 90 உயரப் பீஸ்ல மோதும். போய்ச் சேர்ந்ததும் சப்பைக் கூப்பிடு. முடிஞ்சா 9ஐ 2 ஆக்கு. நடுவுல கரண்ட் போனா, காலையில 9ன்னு நிக்கிற சக்கு மட்டும்தான் சந்தேகம், 1ன்னு இருக்கிறது எல்லாம் அப்படியே தொடரும்.

3டி ஃபினிஷிங் ப்ரோக்ராம் பெருசா இருக்கும், மெமரில அடங்காது. அப்போ சப்பை மட்டும் கார்டுல வச்சு எம்98க்கு (மெமரில இருக்கிற சப்பைக் கூப்பிடுற கோடு) பதில் எம்198ல கூப்பிடுங்க. மெயினும் மேக்ரோவும் மெமரிலயே இருக்கணும், டிஎன்சி மோடுல (வெளியில இருந்து வரி வரியா அனுப்பி ஓட்டுறது) மெயினை ஓட்டினா வைல் லூப் ஓடாது.

சிலர் கேக்குறாங்க, ஒரு டூலை எடுத்தா 12 சக்கையும் முடிச்சிட்டு அடுத்த டூலுக்குப் போனா நேரம் மிச்சமில்லையான்னு. கணக்கு போட்டுப் பாருங்க. 5 டூல், 12 பீஸ். பீஸ் வாரியா போனா 60 டூல் சேஞ்ச், டூல் வாரியா போனா 5. லேசர் செக்கோட (டூல் உடைஞ்சிருக்கான்னு பார்க்கிறது) ஒரு சேஞ்ச் 15 செகண்டுன்னு வச்சாலும் மிச்சம் 55 தடவை, 14 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. பத்து மணி நேர ஓட்டத்துல 14 நிமிஷத்துக்காக, நாலாவது டூல்ல நின்னா 12 பீஸும் அரைகுறையா கிடக்கிற நிலைமை எதுக்கு? ஆளில்லாத ஓட்டத்துக்கு பீஸ் வாரியாத்தான் என் ஓட்டு. பகல்ல ஆள் நிக்கும்போது எப்படி வேணாலும் ஓட்டிக்கோங்க.

டூல் உடையறதுக்கு வருவோம். கேம்ல இருந்து டி5 எம்6னு (T5 M6, டூல் சேஞ்ச்) நேரா வராம, ஜி65 பி8000 டி5ன்னு (G65 P8000 T5, ஓ8000 மேக்ரோவைக் கூப்பிடுறது) போஸ்ட்ல வர வைங்க. ஓ8000 உள்ள, வந்த டூல் நம்பர் #20ல இருக்கும். #[700+#20]ல எந்தப் பாக்கெட் டூலை எடுக்கணும்னு இருக்கும். சாயங்காலம் #705ல 5. சேஞ்ச் பண்ணி, ஜி54.1 பி#600ஐ மறுபடியும் சொல்லி, ஜி43யோட (டூல் நீள ஆஃப்செட்) அந்தப் பாக்கெட்டோட எச் நம்பர். வேலை முடிஞ்சதும் லேசர்ல உடைஞ்சிருக்கான்னு பாரு. அலாரம் அடிக்காம கொடி மட்டும் திருப்பிக் கொடுக்கிற மாதிரி உங்க மேக்ரோல அமைப்பு இருக்கான்னு மேனுவல்ல பார்த்து அதைப் போட்டுக்கோங்க, அலாரம் வந்தா ராத்திரி அதோட முடிஞ்சது. கொடி வந்தா #705ஐ 25 ஆக்கு, அதுதான் ஸ்பேர் டூல், இந்தச் சக்கை 3 ஆக்கு, லூப்புக்குத் திரும்பி அடுத்த சக்கு. ஸ்பேரும் உடைஞ்சா மட்டும் ஸ்பிண்டிலை உச்சிக்குத் தூக்கி எம்30.

பீஸ் உயரம் தப்பா மாட்டுறது இன்னொரு தலைவலி. 60 உயர எலக்ட்ரோடுக்கு 62 உயர கிராஃபைட் எதிர்பார்த்து ப்ரோக்ராம் இருக்கு, யாரோ 75 மாட்டிட்டாங்கன்னா டூல் ராபிட்ல உள்ள இறங்கும். ரெனிஷா இன்ஸ்பெக்ஷன் பிளஸ் (ப்ரோப் மேக்ரோ தொகுப்பு) இருந்தா 9810 பாதுகாப்பு நகர்வை எம்1ஓட (இது மேக்ரோவுக்குக் கொடுக்கிற மதிப்பு, நிறுத்துற எம்1 இல்ல) கொடுங்க, தட்டினா அலாரம் வராது, #148ல 7 வரும். முதல்ல இசட்64க்கு இறக்கு. தட்டினா பீஸ் உயரம் அதிகம், 3 போட்டுட்டு அடுத்தது. தட்டலைன்னா மெதுவான ஃபீடுல இசட்60க்கு இறக்கு. இங்க தட்டியே ஆகணும். தட்டலைன்னா பீஸே இல்ல, இல்லைன்னா குட்டை. ரெண்டு வரில ரெண்டு தப்பும் பிடிபடும்.

ரஃப், ஃபினிஷ் எலக்ட்ரோடு ரெண்டும் ஒரே ப்ரோக்ராம்ல, டி (D, டூல் ரேடியஸ்) ஆஃப்செட்டை மாத்தி ஸ்பார்க் கேப் (தீப்பொறிக்கு விடுற இடைவெளி) விடலாமான்னும் கேக்குறாங்க. நேரான சுவர் 2டி காண்டூருக்கு மட்டும் சரி. 3டி சர்ஃபேஸுக்கு கேம்லயே கேப் கொடுத்து ரெண்டு ப்ரோக்ராமா எடுங்க, ரெண்டு சக்குல ரெண்டு நம்பர் அடிங்க, அவ்வளவுதான்.

முதல் தடவை ஓட்டும்போது எக்ஸ்டர்னல் ஆஃப்செட் இசட்டை 50 தூக்கி 12 சக்கையும் காத்துல ஓட்டிப் பாருங்க. அப்போ ப்ரோப் வரியைத் தாண்டிப் போக வைக்கணும், இல்லைன்னா எல்லாமே பீஸ் இல்லைன்னு சொல்லும். அந்த 50ஐ கையால அடிச்சா திருப்பி எடுக்க மறந்துடும். அதனால மெயின் தலையில ஜி90 ஜி10 எல்2 பி0 இசட்#699னு ஒரு வரி, காத்துல ஓட்டும்போது #699ல 50, நிஜ ஓட்டத்துக்கு 0. ஜி54.1 மேலயும் எக்ஸ்டர்னல் சேரும், அதனால 12க்கும் ஒரே வரி போதும். இசட் ஸ்ட்ரோக் கம்மியான மெஷின்ல 50 தூக்கினா ஓவர் டிராவல் வரலாம், நீளமான டூலுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க.

சீமென்ஸ் 840டி வச்சிருக்கிறவங்களுக்கு இதே வேலை ஜி505ல இருந்து ஜி599 வரைக்கும் இருக்கு. ஹைடன்ஹைன்ல ப்ரீசெட் டேபிள், சைக்கிள் 247ல க்யூ339க்கு வரிசை நம்பரை ஒரு க்யூ பாராமீட்டரா கொடுத்தா லூப் அப்படியே ஓடும்.