தேர்தல் காலத்தில் ஜனாதிபதிக்கு வந்த கடிதங்கள்: 1864 ஒகஸ்ட்

[திரையில்: யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தின் முன்வாசல்]

வணக்கம். கச்சேரி என்று நாம் இன்றும் அழைக்கும் இந்த இடத்துக்குப் பெட்டிசத்தோடு வராத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிது. காணிக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் காணாமற்போன பிள்ளைக்காகவும் ஜனாதிபதி வரைக்கும் எழுதிப் பழகியவர்கள் நாம். ஆனால் ஆட்சியிலிருப்பவர் மறுபடியும் வாக்குக் கேட்டு நிற்கும்போது, அவரைச் சங்கடத்துக்குள்ளாக்கும் கடிதங்கள் பெரும்பாலும் சொந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. ஆபிரகாம் லிங்கனுக்கு 1864 ஒகஸ்டில் வந்த கடிதங்கள் அப்படிப்பட்டவை.

அடிமைமுறை நிலவிய தென் மாநிலங்கள் பிரிந்து சென்றதால் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் அப்போது நான்காவது கோடைகாலத்தில் இருந்தது. (மானிப்பாயில் நம்மவர்களுக்குத் தமிழில் மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த சாமுவேல் கிறீனின் தாய்நாடும் அதுவே.) நாடு பிரியாதிருத்தல், அடிமைமுறை கைவிடப்படுதல் ஆகிய இரண்டும் சமாதானத்துக்கு அவசியம் என்று லிங்கன் ஜூலை 18ஆம் திகதி எழுத்தில் அறிவித்திருந்தார். இரண்டாவது நிபந்தனைதான் கடிதங்களை வரவழைத்தது.

விஸ்கொன்சின் மாநிலத்துப் பத்திரிகை ஆசிரியர் சார்ள்ஸ் ரொபின்சன், எதிர்க்கட்சிக்காரராக இருந்தும் போரை ஆதரித்தவர். அடிமைமுறையை ஒழிப்பதற்காகவே போர் நடக்கிறது என்றால் தம்மைப் போன்றோர் எப்படித் துணை நிற்பது என்று அவர் கேட்டிருந்தார். லிங்கன் ஒகஸ்ட் 17ஆம் திகதியிட்டு ஒரு பதிலை வரைந்தார். விடுதலை வாக்குறுதியை நம்பிப் போரிடும் கறுப்பினப் படையினருக்குத் துரோகம் செய்ய முடியாது என்று அதில் அழுத்தமாக எழுதியவர், முடிவில், அடிமைமுறையைப் பற்றி எதுவும் பேசாமல் தென்பகுதித் தலைவர் சமாதானம் கேட்டால் தாம் என்ன செய்வார் என்பதை அந்தத் தலைவரே சோதித்துப் பார்க்கட்டும் என்று ஒரு கதவையும் சற்றே திறந்து வைத்தார். இரண்டு நாள் கழித்து, அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவரான பிரெடெரிக் டக்ளசுக்கு அந்த வரைவைக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் டக்ளஸ். கடிதம் அனுப்பப்படவில்லை.

[திரையில்: ஒகஸ்ட் 22]

அடுத்து வந்தது, லிங்கனின் சொந்தக் கட்சியின் தேசியச் செயற்குழுத் தலைவரும் நியூயோர்க் டைம்ஸ் ஆசிரியருமான ஹென்றி ரேமண்டின் கடிதம். இலினோய் தோற்கும், பென்சில்வேனியா எதிராக நிற்கிறது, கடும் முயற்சியின்றி இந்தியானாவும் கிடைக்காது என்று ஒவ்வொரு மாநிலத்துத் தலைவரின் கணிப்பையும் அவர் அடுக்கியிருந்தார். போர்க்களத்தில் வெற்றி இல்லாமையும், அடிமைமுறை நீங்கும்வரை சமாதானமே வராது என்ற எண்ணமும் காரணங்கள் என்றார். அரசியலமைப்பின் மேலாண்மையை ஏற்பது என்ற ஒரேயொரு நிபந்தனையோடு எதிரிக்குத் தூதுக்குழுவை அனுப்புங்கள், அவர்கள் மறுப்பார்கள், மக்கள் நம் பக்கம் திரும்புவார்கள் என்பது அவரது யோசனை. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் எதிரி மறுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் இடமே இல்லை.

மறுநாள் லிங்கன் தாமே ஒரு குறிப்பு எழுதினார். இந்த நிர்வாகம் மீண்டும் தெரிவு செய்யப்படாது என்பதே பெரிதும் சாத்தியம் என்றும், அப்படியானால் தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடையில் புதிய ஜனாதிபதியோடு ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பது தமது கடமை என்றும் எழுதி, தாளை மடித்து ஒட்டி, உள்ளே இருப்பது என்னவென்று காட்டாமலே அமைச்சர்களிடம் பின்புறத்தில் கையொப்பம் வாங்கினார். நம்மூரில் எழுதியவர் பெயரில்லாத மொட்டைக் கடதாசியைக் கண்டிருக்கிறோம். வாசகம் தெரியாமல் ஒப்பமிட்ட கடதாசியை எங்கே காண்பது?

ரேமண்டின் யோசனையை லிங்கன் உடனே தள்ளிவிடவுமில்லை. 24ஆம் திகதி தூதுக்கான அறிவுறுத்தலையே வரைந்தார். 25ஆம் திகதி மூன்று முக்கிய அமைச்சர்களோடு ரேமண்டைச் சந்தித்து, தூது அனுப்புவது தேர்தலில் தோற்பதைவிடக் கேடானது என்று அவரையே ஒப்புக்கொள்ள வைத்தார்.

செப்ரெம்பர் 2இல் லிங்கன் தரப்புத் தளபதி ஷேர்மனின் படை தென்பகுதி நகரான அற்லாண்டாவைக் கைப்பற்றியது. காற்று திசை மாறியது. நவம்பர் 8ஆம் திகதித் தேர்தலில் லிங்கனுக்கு 212 தேர்வாளர் வாக்குகள், எதிர்த்து நின்ற மக்லெலனுக்கு 21.

[திரையில்: மடித்து ஒட்டிய தாள்]

நவம்பர் 11ஆம் திகதி அமைச்சரவையின் முன் அந்தத் தாளை வெளியே எடுத்தார். அவர் ஒட்டியிருந்த விதத்தில், செயலாளர் ஜோன் ஹே அதை வெட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. ரொபின்சனுக்கு அனுப்பாத பதிலோ, லிங்கனின் மகன் ரொபேர்ட் விதித்த நிபந்தனையால் மற்றக் கடிதங்களோடு 1947 ஜூலை 26 வரை பூட்டிக் கிடந்தது.