அச்சேறிய கதையை மறுபடி படிப்பது

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன், சிறுகதை எழுதுகிறவள். மாட்டுங்காவிலும் சயானிலும் நடக்கிற இலக்கியக் கூட்டங்களில் எழுத்தாளர்களிடம் தவறாமல் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. “உங்கள் கதைகளை நீங்களே எடுத்துப் படிப்பதுண்டா?” என்பதுதான் அது. இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த எழுத்தாளர்களில் அனேகம் பேர் படிப்பதில்லை. ஒரு கதை அச்சுக்குப் போவதற்குள் அதை எழுதியவர் எத்தனையோ தடவை படித்தாகிவிடுகிறது. முதல் பிரதி, அடித்துத் திருத்தியது, நல்ல கையெழுத்தில் படியெடுத்தது என்று ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகிவிடும். பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா, ஓவியர் என்ன படம் போட்டிருக்கிறார், எங்காவது வரி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்போம். அவ்வளவுதான். அதற்குள் மனசு அடுத்த கதைக்குப் போயிருக்கும். தொடர்கதை எழுதுகிறவர்கள் பாடு இன்னும் வேறு. வாராவாரம் எழுதிக் கொடுத்ததை மொத்தமாகப் புத்தகத்தில் பார்க்கும்போதுதான், ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிவது அவர்கள் கண்ணிலேயே படும்.

பல வருஷம் கழித்துத் தன் கதையை உட்கார்ந்து படிக்கும்படி ஓர் எழுத்தாளரைச் செய்வது பெரும்பாலும் மறுபதிப்புதான். பதிப்பகத்திலிருந்து புரூஃப், அதாவது பிழை பார்ப்பதற்கான அச்சுப்படி, வரும். வேறு வழியில்லை, படித்தே ஆகவேண்டும். என் முதல் தொகுப்புக்கு இப்போது அப்படித்தான் புரூஃப் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பத்திரிகையில் வந்த பக்கங்களைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். காகிதம் பழுத்துப்போய், மடித்த இடத்தில் விட்டுக்கொண்டு வந்தது. எழுத்தெல்லாம் பழைய எழுத்து. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டாலும் எல்லாப் பத்திரிகைகளும் ஒரே நாளில் மாறிவிடவில்லையே. துதிக்கை தூக்கிய லையும் னையுமாக என் கதை எனக்கே வேறு யாரோ எழுதியது போல இருந்தது. படிப்பதற்கு அந்த விலகல் ரொம்பவும் உதவியது.

அதில் ஒரு கதையைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வேலை தேடி பம்பாய்க்கு வருகிறான். மெட்ராஸ் மெயில் ரயிலில் வந்து வி.டி.யில், அதாவது விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷனில், இறங்குகிறான். அண்ணன் பரேலில் ஒரு துணி மில்லில் வேலை பார்க்கிறான். லால்பாகில் ஒரு சாலில், அதாவது வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட குடியிருப்பில், ஓர் அறை. அண்ணன் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது தம்பி எழுந்து வேலை தேடப் போவான். ஒரே பாய்தான், ஆள் மட்டும் மாறும். அந்தக் காலத்துப் பம்பாயில் இது எத்தனையோ அறைகளில் நடந்த சங்கதி. நான் எழுத நினைத்தது அந்தப் பையனின் தவிப்பை. இண்டர்வியூ, சிபாரிசுக் கடிதம், ஊருக்குப் போடும் இன்லண்ட் லெட்டரில் எழுதுகிற பொய், இதெல்லாம்தான் கதை என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

இப்போது படித்தபோது என் கண் அண்ணியிடமே போய் நின்றது. மில்லின் போங்கா, ஷிப்ட் நேரம் சொல்லும் சங்கு, ஊதும்போது அவள் எழுந்து பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள். பையன் எழுந்ததும் பாயை உதறி அண்ணனுக்குப் போடுகிறாள். அண்ணன் தூங்கும்போது சத்தம் வராமல் அறைக்கு வெளியே நடையில் உட்கார்ந்து அரிசி பொறுக்குகிறாள். ராத்திரி மைத்துனன் படுத்த பிறகு அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்து ஏதோ தைக்கிறாள். கதை முழுக்க அவள் படுக்கவே இல்லை. ஒரு வரியில்கூட இல்லை. திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்துவிட்டேன். நான் அதைத் திட்டம் போட்டு எழுதவில்லை. அந்த மாதிரி அறைகளுக்கு நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். கண் பார்த்ததைக் கை எழுதிவிட்டது, அப்போதைய மனசு அதைக் கவனிக்கவில்லை. எழுதுகிறவருக்கே தெரியாமல் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் இந்த மாதிரி விஷயங்களுக்காகவே பழைய கதையைப் படிக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் போங்காவும் அப்படித்தான். கதையில் அது நேரம் காட்டுவதற்காக வந்தது. கடிகாரம் மாதிரி. கதை வெளிவந்து கொஞ்ச காலத்தில், 1982 ஜனவரி 18ஆம் தேதி, தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர். பல மில்கள் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பெரிய வணிக வளாகம் இருக்கிறது. அங்கே நிற்கிற புகைபோக்கியைப் பார்த்துவிட்டு என் கதையைப் படிக்கிற இளைஞருக்கு, நான் கடிகாரமாக வைத்த சத்தம் ஒரு முழுப் பேட்டையின் குரலாகக் கேட்கும். அதை எழுதும்போது எனக்கு அந்த எண்ணமே கிடையாது.

சரி, படித்த பிறகு திருத்தலாமா? இங்கேதான் எழுத்தாளர்களுக்குள் அபிப்பிராய பேதம் வருகிறது. பதிப்பகத்துத் தம்பி போனில் கேட்டார்: “அம்மா, வி.டி.ன்னு போட்டா இப்போ படிக்கிற பிள்ளைங்களுக்குப் புரியாதும்மா. இப்போ இருக்கிற ஸ்டேஷன் பேரா சி.எஸ்.எம்.டி.ன்னு மாத்திரட்டுமா? பம்பாயையும் மும்பைன்னு போட்டுரலாமே?”

“வேண்டாம் தம்பி. அந்தப் பையன் வந்து இறங்கினது வி.டி.யில. ஊருக்கு லெட்டர் போட்டது பம்பாயிலேர்ந்து. அவன் வாயில, பம்பாய் மும்பையான 1995ஐக் கொண்டுபோய்த் திணிக்க முடியாது.”

அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பெயரை மாற்றுவதைவிடப் பெரிய ஆசை ஒன்று மறுவாசிப்பில் வரும். வாக்கியத்தையே மாற்றும் ஆசை. அமெரிக்காவில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1907 முதல் 1909 வரை தன் நாவல்களையும் கதைகளையும் 24 தொகுதிகளாகக் கொண்டுவந்தபோது, இளமையில் எழுதியவற்றின் வாக்கியங்களைக்கூட விரிவாக மாற்றி எழுதினார். ஒவ்வொன்றும் எப்படிப் பிறந்தது என்று முன்னுரைகளும் எழுதினார். அந்த முன்னுரைகள் இன்றும் எழுதுகிறவர்களுக்குப் பாடம். ஆனால் எந்தப் பிரதியைப் படிப்பது, முதலாவதையா திருத்தியதையா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நான் முதல் பிரதியின் கட்சி. இருபத்தைந்து வயதுக்காரி தனக்குத் தெரிந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாள். அதற்குள் அறுபத்தைந்து வயதுக்காரி நுழைந்து உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் மூச்சுமுட்டும். அண்ணியை ஒரு வரியாவது படுக்கவைக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. செய்திருந்தால் அந்தக் கதை செத்திருக்கும்.

அப்படியானால் பழைய கதையோடு மனசு ஒத்துப்போகாதபோது என்ன செய்வது? நம் மொழியிலேயே இதற்கு அபாரமான முன்னுதாரணம் இருக்கிறது. ஜெயகாந்தன் 1966இல் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதினார். மழை நாளில் காரில் ஏறி ஏமாந்துபோன பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். பெரிய சர்ச்சை கிளம்பியது. ஜெயகாந்தன் அந்தக் கதையின் முடிவை மாற்றவில்லை. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று ஒரு நாவல் எழுதினார். அதில் அம்மா கூச்சல் போட்டுவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்தப் பெண், கங்கா, பிற்பாடு பத்திரிகையில் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையையே படிக்கிறாள். தன் சிறுகதையைத் தன் பாத்திரத்தின் கையிலேயே கொடுத்துப் படிக்கவைத்தார் ஜெயகாந்தன். நாவலுக்குள் அந்தக் கதையை எழுதியவர் ஆர்.கே.வி. என்றொரு எழுத்தாளர். ஓர் எழுத்தாளர் தன் படைப்பை மறுபடி படித்ததன் விளைவாக இதைவிடப் பெரிய காரியம் தமிழில் நடந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1972க்கான சாகித்ய அகாதமி பரிசு அந்த நாவலுக்குத்தான் கிடைத்தது.

அவருக்கு முன்னாலேயே புதுமைப்பித்தனும் ஒரே அகலிகையிடம் இரண்டு தடவை போனார். முப்பதுகளில் எழுதிய ‘அகல்யை’யைத் தொடவில்லை. நாற்பதுகளில் ‘சாபவிமோசன’த்தை எழுதினார். இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை மற்றது அழிக்கவில்லை.

படிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். புரூஃப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. புரூஃபில் கண் எழுத்தைத்தான் பார்க்கும். கதையைப் பார்க்க வாய்விட்டுப் படிக்கவேண்டும். நான் சமையலறையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். முதல் பக்கத்தில் “என்னவே” என்று பேசுகிற பையன், கடைசிப் பக்கத்துக்குள் “சலேகா” என்று சொல்லிவிடுகிறான். மூன்று நான்கு இடங்களில் இந்தி அவன் பேச்சுக்குள் மெல்ல மெல்ல ஏறியிருப்பது காதில்தான் பிடிபட்டது. ஊரைவிட்டு வந்த பையன் இன்னொரு ஊர்க்காரனாக மாறியதை எந்த வாக்கியமும் சொல்லவில்லை, அவன் நாக்கு சொல்கிறது.

அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், எழுதுவதை நிறுத்திய பிறகு தன் புத்தகங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பார்த்ததாகச் சொன்னார். இத்தனை காலம் வீணாக்கினோமா என்று தெரிந்துகொள்ள விரும்பினாராம். என்னிடம் இருந்ததை வைத்து என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் சொன்னதைத் தன் பதிலாகச் சொன்னார். அவர் எழுதி முடித்தவர், கணக்குப் பார்க்கலாம். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிற நாம் படிப்பது வேறு தேவைக்கு, அடுத்த கதைக்கு.

புரூஃபைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அச்சுப்பிழைகளைத் திருத்தினேன். புத்தகத்தில் விட்டுப்போயிருந்த ஒரு வரியைப் பத்திரிகைப் பிரதியைப் பார்த்துச் சேர்த்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, வி.டி. உட்பட. அண்ணியை வைத்து ஒரு புதுக் கதை ஆரம்பித்திருக்கிறேன். அதில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது, போங்கா ஊதவில்லை, புருஷன் பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கிறான். பாய் இன்னும் ஒன்றுதான். அவள் எங்கே படுப்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும், பேச அழைத்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.